இரினா ரொட்னினா: ஜோடி மாறியும் பத்து உலகப் பட்டம் எப்படி? பேச்சுக்கு விவரம் வேண்டும்

கழனிவாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில், ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (ஆணும் பெண்ணும் சேர்ந்து ஐஸ்மேல் சறுக்கி ஆடுவது) சோவியத் நாட்டுக்காக ஆடிய இரினா ரொட்னினாவைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். கேட்கப்போவது 8 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள். ஐஸை ஃப்ரிட்ஜில் மட்டுமே பார்த்தவர்கள். ரோலர் ஸ்கேட்டிங் வகுப்பு அந்தப் பள்ளியில் உண்டு. பேச்சு முடிந்ததும் அதில் இரண்டு ஜோடிகள் பாஸ்கெட்பால் மைதானத்தில் 2 நிமிடம் செய்து காட்டுவதாக ஏற்பாடு.

மூன்று ஒலிம்பிக் தங்கம், 10 உலகப் பட்டம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் 11 என்று இருக்கிறது, எது சரி? நடுவில் ஜோடி மாறியும் முதலிடம் விடாமல் நின்றது எப்படி? சோவியத் நாடு என்பதால் நடுவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? 1973-இல் ஆட்டத்தின் நடுவில் பாட்டு நின்றுபோன கதையில் எவ்வளவு உண்மை? பெயர்களின் உச்சரிப்பும் தெரிந்தால் நல்லது.

---

கோட்டையூரான் எழுதியது:

அண்ணே, முதலில் எண்ணிக்கை. 11 என்பது ஐரோப்பியப் பட்டம், 10 என்பது உலகப் பட்டம். இரண்டையும் குழப்பி எழுதுவது பல இடங்களில் நடக்கிறது.

ஐரோப்பியப் பட்டம் 1969 முதல் 1978 வரை விடாமல் 10, பிறகு 1980-இல் ஒன்று. உலகப் பட்டம் 1969 முதல் 1978 வரை 10. ஒலிம்பிக் 1972 சப்போரோ, 1976 இன்ஸ்ப்ரூக், 1980 லேக் ப்ளாசிட். மொத்தம் 24 தங்கம். 1969-லிருந்து இந்த மூன்று போட்டிகளில் எதில் இறங்கினாலும் முதலிடம்தான், ஒரு வெள்ளிகூடக் கிடையாது. பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த 24-ஐ ஜோடிவாரியாகப் பிரித்தால்தான் உங்கள் கேள்விக்கு வழி பிறக்கும். அலெக்ஸேய் உலானவோடு 9: உலகம் 4, ஐரோப்பா 4, ஒலிம்பிக் 1. அலெக்ஸாண்டர் ஸைத்ஸெவோடு 15: உலகம் 6, ஐரோப்பா 7, ஒலிம்பிக் 2. அதாவது ஜோடி மாறிய பிறகுதான் அதிகம்.

வரிசையாகச் சொல்கிறேன். பிறந்தது 1949 செப்டம்பர் 12, மாஸ்கோ. சின்ன வயதில் அடிக்கடி நிமோனியா வந்த பிள்ளை. திறந்தவெளிக் குளிரில் உடம்பு தேறட்டும் என்று சறுக்கு மைதானத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் ஸ்தனிஸ்லாவ் ஜூக் அவரை உலானவோடு சேர்த்தார். 1969-இல் இருவரும் கார்மிஷ்-பார்டென்கிர்ஷனில் ஐரோப்பியப் பட்டத்தையும் கொலராடோ ஸ்ப்ரிங்ஸில் உலகப் பட்டத்தையும் வென்றார்கள். தோற்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1964, 1968 ஒலிம்பிக் சாம்பியன்களான பெலஉஸவா, புரட்டபோபவ் ஜோடி அந்த உலகப் போட்டியில் மூன்றாமிடத்துக்குப் போனது. அவர்கள் ஆட்டம் நிதானமான, நீண்ட கோடுகள் கொண்ட ஆட்டம். ரொட்னினா, உலானவ் கொண்டுவந்தது வேகம், அடுத்தடுத்துத் தாவல், மூச்சு விட இடமில்லாத காலடி. பாணியே திரும்பிய ஆண்டு அது.

1972-இல்தான் முறிவு. உலானவ் லியுத்மிலா ஸ்மிர்னோவாவைத் திருமணம் செய்துகொண்டு அவருடனேயே ஆட முடிவெடுத்தார். ஸ்மிர்னோவா யார் என்றால், அதே சப்போரோவில் ஆந்த்ரேய் சுராய்கினுடன் வெள்ளி வென்றவர்! சப்போரோவுக்குப் பிறகு கால்கரியில் உலகப் போட்டி. அதற்கு முந்தைய பயிற்சியில் ரொட்னினா லிஃப்டிலிருந்து (ஆண் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிச் சறுக்கும் அசைவு) விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். அந்த நிலையில் இறங்கி வென்றதுதான் இருவரும் சேர்ந்து எடுத்த கடைசிப் பட்டம்.

பிறகு ஜூக் லெனின்கிராட்டிலிருந்து ஸைத்ஸெவை அழைத்து வந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை, உலக மேடையில் பெயர் இல்லாதவர். ஓராண்டுக்குள் 1973 கொலோன் ஐரோப்பியப் பட்டம், அடுத்து ப்ராடிஸ்லாவா உலகப் பட்டம். 1974-இல் ஜூக்கை விட்டு தத்யானா தரஸவாவிடம் பயிற்சிக்கு மாறினார்கள். 1975-இல் இருவருக்கும் திருமணம்.

நடுவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு 1973, 1974 உலகப் போட்டி முடிவுகளே பதில். இரண்டிலும் வெள்ளி யாருக்கு? ஸ்மிர்னோவா, உலானவ் ஜோடிக்கு. அவர்களும் சோவியத் ஜோடிதான். இருவருமே ஒலிம்பிக் மேடை ஏறியவர்கள். இந்தப் பக்கம் ரொட்னினாவோடு நிற்பது ஒரு புது ஆள். கொடி ஒன்று, ஆண்டு ஒன்று, இரண்டு பக்கமும் ஜோடி புதுசு. அப்படியிருந்தும் இரண்டு முறையும் ரொட்னினா பக்கம்தான் தங்கம். பழைய ஜோடியில் எந்தப் பாதி எவ்வளவு தாங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுக்கூட நடத்த முடியாது. பேச்சின் நடுத்தூணாக இதை வையுங்கள்.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கோட்டையூரார் சொன்ன முடிவோடு, ஜோடி மாறும்போது உடம்பளவில் என்ன மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள் தம்பி. அது தெரியாவிட்டால் ‘ஓராண்டுக்குள்’ என்ற சொல்லின் கனம் பிள்ளைகளுக்குப் புரியாது.

தள்ளு நீளம்தான் முதல் சிக்கல். ஒருவர் முழங்காலை எவ்வளவு மடக்கித் தள்ளுகிறாரோ அவ்வளவு தூரம் ஒரே தள்ளில் போவார். உயரமானவருக்கு நீளம் கூடும். ரொட்னினா ஐந்தடி சுற்றுவட்டாரத்தில் இருந்தவர். நெட்டையான ஆளோடு ஒரே கோட்டில் போக வேண்டுமானால் ஒன்று அவர் குறைக்க வேண்டும், இல்லை இவர் கூட்ட வேண்டும். பெரும்பாலான ஜோடிகளில் ஆண்தான் குறைப்பார், வேகம் போய்விடும். ரொட்னினாவின் பெரிய சொத்து அவருடைய தள்ளு. குட்டையான உடம்பு, ஆழமான முழங்கால், பலமான தொடை. கூட ஆடுபவருக்காக வேகத்தைக் குறைக்கத் தேவையே வராமல் பார்த்துக்கொண்டார். ஸைத்ஸெவ் அவருடைய வேகத்துக்கு ஏறி வந்தார். என் கணிப்பில் புது ஜோடி இவ்வளவு சீக்கிரம் கூடியதற்கு இதுவே முதல் காரணம்.

அடுத்தது பக்கத்தில் பக்கத்தில் நின்று சுழல்வது. உடம்பு குறுகலானவர் இயல்பாகவே வேகமாகச் சுழல்வார். நெட்டையானவர் கை கால்களை இறுக்கி வேகம் ஏற்ற வேண்டும், குட்டையானவர் கொஞ்சம் திறந்து வைத்து வேகம் குறைக்க வேண்டும். இந்த இறுக்கமும் திறப்பும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கணக்கு. பழைய ஜோடியின் கணக்கு உடம்பில் ஊறியிருந்தால் முதல் இரண்டு சுற்று சரியாக வரும், மூன்றாவதில் முகம் வேறு வேறு திசையைப் பார்க்கும். கோலாட்டத்தில் ஒரு கோல் அரை மாத்திரை பிந்தினால் வட்டமே குலைவதைப் பார்த்திருப்பார்கள் பிள்ளைகள், அதைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

லிஃப்ட். இதில் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு: ஆண் கைபலத்தால் தூக்குகிறார் என்று. இல்லை. பெண் தாவுகிறார், ஆண் முழங்காலை மடக்கி அந்தத் தாவலின் கீழே புகுந்து, கால்களை நிமிர்த்தி மேலே தள்ளுகிறார், கை கடைசியாகத்தான் நீளும். இரண்டு முழங்காலும் ஒரே எண்ணிக்கையில் மடங்க வேண்டும். பெண் முந்தினால் உச்சியில் அவர் பாரம் முழுக்கக் கைமேல் விழும், தோள் தாங்காது. ஆண் முந்தினால் வெறும் கனத்தை இழுத்துத் தூக்க வேண்டியிருக்கும், முதுகு வளையும். மேலே போனதும் ஆண் நேராக நிற்கவில்லை, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே காலை மாற்றி மாற்றிச் சுற்றுகிறார். பிளேடின் முன்முனையில் பல் பல்லாக இருக்கும் டோ பிக் ஐஸில் மாட்டினாலோ, பிளேடின் ஓரம் நழுவினாலோ இருவரும் சேர்ந்து சாய்வார்கள். மேலே இருப்பவர் இடுப்பை மடக்கிக் கீழே குனிந்து பார்த்தாலும் பாரம் முன்னுக்குப் போய்விடும். நெட்டையான ஆள் நீட்டிய கை 7 அடிக்கு மேல் வரும். அங்கிருந்து விழுந்தால் கீழே இருப்பது கல்லைப் போன்ற ஐஸ். ஆணுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, தவறினால் நீ விலகாதே, அவளுக்கு அடியில் உன் உடம்பைக் கொடு என்பதுதான். கால்கரி விழுகைக்குப் பிறகு ரொட்னினா புது ஆளின் கையை நம்பி மறுபடி மேலே போனதை இதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

ட்விஸ்ட் இன்னும் நுணுக்கம். பெண்ணை இடுப்பைப் பிடித்து மேலே எறிந்து, அவர் காற்றில் படுத்தவாக்கில் சுழன்று இறங்கும்போது தரை தொடுவதற்கு முன் மறுபடி இடுப்பில் பிடிக்க வேண்டும். பிடி தாழ்ந்து போனால் மோதல், அல்லது இரண்டு காலில் இறங்கல். புது ஜோடி இதைக் கூட்ட மாதக்கணக்கில் ஆகும்.

டெத் ஸ்பைரலை விட்டுவிடாதீர்கள், படத்தில் பார்க்க அதுதான் அழகு. ஆண் ஒரு காலின் டோ பிக்கை ஐஸில் ஊன்றி, நாற்காலியில் உட்கார்வதுபோல் தாழ்ந்து, அச்சாணியாக நிற்பார். பெண் ஒரு கையைப் பிடித்தபடி, ஒற்றைப் பிளேடின் ஓரத்தில், தலை ஐஸை உரசும் அளவுக்குச் சாய்ந்து அவரைச் சுற்றி வருவார். ஆண் உட்காரும் உயரம் கொஞ்சம் கூடினால் பெண்ணின் தோள் மேலே இழுபட்டு பிளேடு படுத்துவிடும், உடனே சறுக்கி விழ வேண்டியதுதான். அச்சு அரை அடி நகர்ந்தாலும் வட்டம் நீள்வட்டமாகும்.

---

கண்டனூர் எழுதியது:

மதிப்பெண்ணைப் பற்றிச் சுருக்கமாக. அப்போது 6.0 முறை. ஒவ்வொரு நடுவரும் ஒரு ஜோடிக்கு இரண்டு எண் தருவார், ஒவ்வொன்றும் 6.0-க்குள். அந்த எண்ணைவிட அது காட்டும் வரிசைதான் முக்கியம். ஒரு நடுவர் அ ஜோடிக்கு 5.8, 5.9 தந்து (கூட்டு 11.7), ஆ ஜோடிக்கு 5.9, 5.7 தந்தால் (கூட்டு 11.6), அவர் கணக்கில் அ முதலிடம். 0.1 வித்தியாசமா 1.0 வித்தியாசமா என்பது அந்த வரிசையை மாற்றாது. 9 நடுவரில் 5 பேர் முதலிடம் தந்தால் பெரும்பான்மை வந்துவிடும். அதனால் 6.0 எத்தனை விழுந்தது என்று எண்ணி ஆச்சரியப்படுவதைவிட எத்தனை நடுவர் முதலில் வைத்தார்கள் என்று பார்ப்பதே சரி.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இதே ஜோடிப் பிரிவில் எழுந்த தகராறுக்குப் பிறகு இந்த முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் அடிப்படைப் புள்ளி, அதன்மேல் -5 முதல் +5 வரை தரப் புள்ளி. எனவே ரொட்னினாவின் மதிப்பெண்ணை இன்றைய ஜோடிகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு எதுவும் சொல்லாதீர்கள், இரண்டும் வேறு வேறு படி.

1980-ஐயும் கவனமாகச் சொல்ல வேண்டும். 1979 பிப்ரவரியில் மகன் பிறந்தான், அந்த ஆண்டு அவர் ஆடவில்லை. உலகப் பட்டம் அமெரிக்காவின் பபிலோனியா, கார்ட்னர் ஜோடிக்குப் போனது. லேக் ப்ளாசிட்டில் இந்த இரண்டு ஜோடிகளும் மோதும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால் தொடைக் காயத்தோடு வந்த கார்ட்னர் வார்ம்-அப்பில் திரும்பத் திரும்ப விழ, அவர்கள் விலகிவிட்டார்கள். ஆகவே ‘அமெரிக்க ஜோடியைத் தோற்கடித்தார்’ என்று பேச்சில் வந்துவிடக் கூடாது. வெள்ளி செர்கஸவா, ஷக்ராய் ஜோடிக்கு. பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் லிஃப்டும் தாவலும் திரும்பக் கொண்டுவந்து ஐந்து நிமிட ஆட்டத்தை ஆடி முடித்ததே போதுமான சாதனை, அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம்.

---

கழனிவாசல் எழுதியது:

ரொம்ப நன்றி. 1973, 1974 வெள்ளி விவரம் என் கையில் இல்லாதது. பேச்சை அதை வைத்தே மாற்றிக் கட்டப்போகிறேன். பாட்டு நின்ற கதையும் பிள்ளைகள் செய்து காட்டுவதும் பாக்கி. பிள்ளைகள் ஒரு சின்ன லிஃப்ட் வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

லிஃப்ட் வேண்டவே வேண்டாம் தம்பி. தோளுக்கு மேல் போகும் எதுவும் கூடாது, இடுப்பு உயரத்துக்கும் கூடாது. முன்னால் சொன்ன முழங்கால் கணக்கைத் தரையில், ஷூ போட்டு, மெத்தை விரித்து, மூன்றாவது ஆள் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் பழகிய பிறகே சக்கரத்தில் ஏற்றுவார்கள். சிமெண்டுத் தரை மன்னிக்காது.

பாட்டு நின்ற கதை உண்மை. 1973 ப்ராடிஸ்லாவா, ஷார்ட் ப்ரோக்ராம் (போட்டியின் குறுகிய ஆட்டம்). நடுவில் இசை அறுந்தது. இருவரும் நிற்காமல் மௌனத்திலேயே ஆடி முடித்தார்கள், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பட்டமும் அவர்களுக்கே. 1968-இல் சோவியத் படை செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்த கோபத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டுமென்றே நிறுத்தினார் என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பேச்சு என்ற அளவிலேயே சொல்லுங்கள், நடந்ததாகச் சொல்லாதீர்கள். இன்றைய விதியில் இசை தடைப்பட்டால் நடுவரிடம் போய்ச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உங்கள் பிள்ளைகள் செய்து காட்ட இதுவே அருமையான பொருள். லிஃப்டுக்குப் பதில் இதை வையுங்கள். இரண்டு ஜோடியும் 2 நிமிட ஆட்டத்தை ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கையாகப் பிரித்துப் பழகட்டும். நிமிடத்துக்கு 96 அடி என்று வைத்தால் 2 நிமிடத்துக்கு 24 ஆவர்த்தனம். ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் ஓர் அசைவு எழுதிக்கொள்ளுங்கள். விழாவில் 10-ஆவது ஆவர்த்தனத்தில் பாட்டை அறுத்துவிடுங்கள், 20-இல் மறுபடி போடுங்கள். பாட்டின் ஒலியை மட்டும் நிறுத்த வேண்டும், ஓட்டத்தை நிறுத்தக் கூடாது, அப்போதுதான் திரும்ப வரும்போது எவ்வளவு விலகினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

என்ன தவறும் என்றால், பாட்டு இல்லாவிட்டால் பெரும்பாலும் வேகம் கூடும், குறையாது. பதற்றத்தில் மூச்சு வேகமாவதால் எண்ணிக்கையும் ஓடும். இரண்டு பேரும் தனித்தனியே மனதுக்குள் எண்ணினால் ஐந்தாவது ஆவர்த்தனத்தில் பிரிந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் எண்ண வேண்டும், திருப்பத்துக்கு ஓர் அடி முன்னால் மெதுவாக ஒரு சொல் கொடுக்க வேண்டும், மற்றவர் அதைக் கேட்டுத் திரும்ப வேண்டும். இன்னொரு துணை சக்கரத்தின் சத்தம். இரண்டு தள்ளின் சத்தமும் ஒன்றாகக் கேட்டால் ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஐஸில் பிளேடின் கீறலும் இதே வேலையைத்தான் செய்யும்.

வைக்கக்கூடிய அசைவுகள்: கிலியன் பிடியில் (பெண் பிள்ளை வலப்பக்கம், பையனின் வலக்கை அவள் இடுப்புக்குப் பின்னால், இடக்கைகள் முன்னால் கோத்து) கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று. பிறகு கையை விட்டு 1 மீட்டர் இடைவெளியில் ஒரே காலில் சறுக்கல். எதிரெதிர் நின்று இரு கையும் பிடித்துச் சுழல்வது, நான்கு சுற்றுக்கு மேல் வேண்டாம், தலை சுற்றி பிடி நழுவும். டெத் ஸ்பைரலின் சாயலுக்கு, பையன் ஸ்கேட்டின் முன்கட்டையை ஊன்றி அச்சாக நிற்க, பெண் பிள்ளை நேராக நின்றபடியே கை நீட்டிச் சுற்றி வரட்டும், சாயக் கூடாது. முன்கட்டை இருக்கும் நாலு சக்கர குவாட் ஸ்கேட்டில்தான் இது முடியும், இன்லைன் போட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். காலையிலேயே மைதானத்தைப் பெருக்கிவிடுங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி சக்கரத்துக்கு அடியில் போனால் ஓரம் நிற்காது.

---

கோட்டையூரான் எழுதியது:

அளவு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஒலிம்பிக் அரங்கின் ஐஸ் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1800 சதுர மீட்டர். நீங்கள் ஆடவைக்கும் பாஸ்கெட்பால் மைதானம் முழு அளவு என்றால் 28-க்கு 15, அதாவது 420. அந்த மைதானம் நாலைக் கூட்டினாலும் ஐஸ் கொஞ்சம் மிஞ்சும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக இருக்கும் நம் பெரிய வீடுகள் சில நீளத்தில் இதற்குப் பக்கத்தில் வரும். அந்த நீளத்தை ஒரு சில தள்ளில் கடப்பார்கள் என்று சொன்னால் வேகம் மனதில் நிற்கும். சின்ன மைதானத்தில் பிள்ளைகள் வேகம் எடுத்ததும் ஓரம் வந்துவிடும், அதனால் சுற்றுகளைக் கோட்டுக்கு 2 மீட்டர் உள்ளேயே போடச் சொல்லுங்கள்.

---

கண்டனூர் எழுதியது:

உச்சரிப்பு. ரஷ்யனில் அழுத்தம் விழாத ஓகாரம் அகரம்போல் ஒலிக்கும். ரொட்னினா என்ற பெயரில் அழுத்தம் கடைசி அசையில், எனவே கேட்க ‘ரத்னினா’ என்பதற்குக் கிட்ட, ‘னா’வை அழுத்தி. தமிழில் பழகிய எழுத்து ரொட்னினா, எழுத்தில் அதையே வைத்துக்கொண்டு மேடையில் ‘ரத்னினா’ என்று சொல்லலாம். உலானவ் என்பதில் அழுத்தம் ‘லா’வில். ஸைத்ஸெவ் என்பதில் முதல் அசையில். ஜூக் என்பதன் முதல் எழுத்து நம் ஜகரத்தைவிட மெல்லியது, நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் சொன்னால் வந்துவிடும்.